வாடைக் காற்றில் மிதிவண்டி

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும், மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்து வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "மழையும் பனியுமா இருக்கு, மாசி வரைக்கும் பஸ்ஸிலேயே போயிட்டு வா" என்பார்கள். சைக்கிள் சுவரோரம் சாத்தப்படும். சங்கிலியில் துரு ஏறும், டயரில் காற்று இறங்கும். நான்கு மாதம் கழித்து எடுக்கும்போது அது பட்டறைக்குத்தான் முதலில் போக வேண்டியிருக்கும். சிலருடைய வண்டி அதன்பின் வெளியே வருவதே இல்லை.

எழுமலை, பேரையூர் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. மேற்கே மலை, கிழக்கே சமவெளி, வடகிழக்கே உசிலம்பட்டி. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் கூலி வேலைக்கும் சைக்கிளில் வந்துபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் சைக்கிளைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்வி அவர்களுக்கு ஆண்டுதோறும் வருகிறது. வீட்டிலும் டீக்கடையிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் குளிரைப் பற்றியதாகவே இருக்கிறது. அறிவியலோ குளிரைக் கடைசியில் வைக்கிறது. இருட்டையும் நனைந்த பிரேக்கையும்தான் முன்னால் நிறுத்துகிறது.

குளிரின் கணக்கு

மதுரையில் ஜனவரி மாத அதிகாலை வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி செல்சியஸ். எழுமலை போன்ற அடிவார ஊர்களில் இதைவிடச் சற்றுக் குறையலாம். மேகமற்ற இரவில் மலைச்சரிவு தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கிறது. சரிவை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து, கனம் கூடி, மெல்லக் கீழே இறங்கி அடிவாரத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. ஓடையோரப் பாதையில் இறங்கியதும் சட்டென்று சில்லிடுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் குளிரில் மிதிப்பவரின் உடலுக்கு என்ன ஆகிறது? சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரத்துக்கு ஏறக்குறைய 50 முதல் 60 வாட் திறன் தேவை. நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால்வாசியைக்கூட முழுதாக இயக்கமாக மாற்றுவதில்லை. மீதியெல்லாம் வெப்பமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 100 வாட்டை ஒட்டி வெப்பம் வெளியிடும் உடல், மிதிக்கும்போது 250 வாட்டுக்குமேல் வெளியிடும். அந்த வெப்பத்தைக் கொண்டுபோக ஏதாவது வேண்டும். 20 டிகிரிக் காற்று அந்த வேலையைச் செலவில்லாமல் செய்கிறது. முதல் பத்து நிமிடம் காதும் விரலும் சில்லிடும். அதன்பின் உடல் தன் சமநிலையைக் கண்டுகொள்ளும்.

காற்று வீசும்போது குளிர் எவ்வளவு கூடுதலாக உறைக்கும் என்று கணக்கிடக் கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் ஒரு புதிய சூத்திரத்தை ஏற்றன. வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்தச் சூத்திரத்தையே பயன்படுத்துவதில்லை. நம் மார்கழி விடியல் அந்த எல்லையைவிட 10 டிகிரி மேலே இருக்கிறது.

இதே காற்றைச் சித்திரை, வைகாசி நண்பகலில் வைத்துப் பாருங்கள். வெளியே 39, 40 டிகிரி. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35. இப்போது முகத்தில் அடிக்கும் காற்று வெப்பத்தை உடலுக்குள் கொண்டுவருகிறது. தப்பிக்க வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 670 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றில் ஈரம் கூடக்கூட அந்த ஆவியாதலும் தடைப்படும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று 2010-இல் கோட்பாட்டளவில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடலின் சமநிலை குலையத் தொடங்கியது. அவர்கள் செய்ததோ லேசான அசைவு மட்டுமே. பனியில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கோடை நண்பகலில் தயங்காமல் மிதிக்கிறோம். ஆபத்தின் வரிசையை நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

பனியும் சளியும்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லி வளர்த்த வீடுகளில், பனியில் போனால் சளி பிடிக்கும் என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கை. சளிக்குக் காரணம் வைரஸ், பனி அதை உண்டாக்காது. ஆனாலும் பெரியவர்கள் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ரொனால்ட் எக்கிள்ஸ் குழுவினர் 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 90 பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் காலை வைத்திருந்தார்கள். இன்னொரு 90 பேர் வெறும் தொட்டியில் காலை வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாளில் முதல் குழுவில் 13 பேருக்கும் இரண்டாம் குழுவில் 5 பேருக்கும் சளி அறிகுறிகள் தோன்றின. கால் குளிர்ந்தால் மூக்கின் உட்புற இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்த தொற்று தலைதூக்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சைக்கிள்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஈரத்தைப் பற்றிய எச்சரிக்கை. நனைந்த காலோடும் வியர்வையில் ஊறிய சட்டையோடும் நாள் முழுதும் உட்காரக் கூடாது. காதை மூட ஒரு துண்டு, பத்து நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை, பையில் மாற்றுச் சட்டை ஒன்று. இவை போதும். கனத்த ஸ்வெட்டர் போட்டு மிதித்தால் உள்ளே வியர்த்து, இறங்கியபின் அந்த ஈரமே குளிரைக் கூட்டும்.

காற்றின் திசை

சைக்கிளுக்கு உண்மையான சுமை எதிர்காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வீசினால், உடல்மேல் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது நான்கு மடங்காகிறது. அதே வேகத்தைக் காக்க 55 வாட் போதுமென்ற இடத்தில் 120 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் காற்று ஆளைத் தள்ளும் காலம் ஆனியும் ஆடியும். அப்போது மேல்காற்று மலைக் கணவாய்களில் நெருங்கி, வேகம் பிடித்துச் சமவெளியில் இறங்குகிறது. மார்கழி, தையில் வீசும் வாடை அவ்வளவு வலுவுடையதன்று. அது வடகிழக்கிலிருந்து வருவதால் எழுமலையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் போகிறவருக்குக் காலையில் எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடப்பதால் மேலே ஓடும் காற்றின் வேகம் கீழே வந்து சேர்வதில்லை. வெயில் ஏறித் தரை சூடானபின்தான் மேலும் கீழும் கலந்து வாடை வேகமெடுக்கும். எனவே எதிர்காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் போகிறோம், பின்காற்று துணைவரும் நேரத்தில் திரும்புகிறோம். களைத்துத் திரும்பும் உழைப்பாளிக்கு இது பெரிய உதவி.

இருட்டு

பனிக்காலத்தில் உண்மையாகவே உயிரைத் தொடும் ஆபத்து வெளிச்சக் குறைவு. மதுரையின் அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் சரியாக வேலைக்குப் போய்வரும் வேளையில் விழுகிறது. சூரியன் மிக முன்னதாக மறைவது கார்த்திகையில், நவம்பர் பின்பாதியில், மாலை 5:55 வாக்கில். மிகத் தாமதமாக உதிப்பது தையில், ஜனவரி கடைசியில், காலை 6:40 வாக்கில். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் கடிகார நண்பகலும் சூரிய நண்பகலும் விலகுவதே இந்த இடைவெளிக்குக் காரணம். எழுமலையில் மேற்கே மலை நிற்பதால் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். ஆகவே கார்த்திகையில் கவனிக்க வேண்டியது மாலைப் பயணம், தையில் காலைப் பயணம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு வேன் நொடிக்கு 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் எதிரே இருப்பதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர், ஈரச் சாலையென்றால் 35 மீட்டர் வேண்டும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி வருபவருக்கு, கருநிற உடை அணிந்தவர் 30 மீட்டர் அளவில்தான் தெரிவார். அதாவது கண்ணில் பட்டபின் நிறுத்த இடமே இல்லை. ரேடியம் ஸ்டிக்கரோ 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே மின்னும். அதற்குள் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ தம்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. ஓட்டுநரின் கண் விளக்குக்கு அருகிலேயே இருப்பதால் ஒளி நேரே அவரிடம் போய்ச் சேர்கிறது.

அதை எங்கே ஒட்டுவது என்பதிலும் அறிவியல் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் இரவில் ஒரு மூடிய சாலையில் ஓட்டுநர்களைச் சோதித்தார்கள். கறுப்பு உடையணிந்த சைக்கிள்காரரை 2 சதவீத நேரமே அடையாளம் கண்டார்கள். பளிச்சிடும் மஞ்சள் சட்டைக்கு 15 சதவீதம். ஒளி திருப்பும் பட்டை கொண்ட சட்டைக்கு 50 சதவீதம். அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் அதே பட்டையைக் கட்டியபோது 90 சதவீதம். பளிச்சிடும் சாயம் சூரிய ஒளியின் புறஊதாக் கதிரை வாங்கித்தான் மின்னுகிறது. இரவில் அந்தக் கதிர் இல்லை, சாயமும் சோர்ந்துவிடுகிறது. காலில் கட்டியது ஏன் இவ்வளவு உதவுகிறது? மனிதர் அசைவை நம் மூளை சில ஒளிப்புள்ளிகளைக் கொண்டே கண்டுகொள்ளும் என்று சுவீடனின் குன்னர் யோஹான்சன் 1973-இல் காட்டியிருந்தார். ஏறி இறங்கும் கணுக்கால் "இங்கே ஒரு மனிதர் மிதித்துக்கொண்டு போகிறார்" என்று ஓட்டுநரின் மூளைக்குச் சொல்லிவிடுகிறது.

டைனமோ விளக்கு சக்கரம் சுற்றும்வரைதான் எரியும். சாலையைக் கடக்க நிற்கும் அந்த நொடியில், வெளிச்சம் மிகவும் தேவைப்படும்போது, அணைந்துவிடும். பின்னால் பேட்டரியில் மினுக்கும் ஒரு சிவப்பு விளக்கு, பெடலிலும் கணுக்காலிலும் ரேடியம். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் பனிக்காலத்தில் யாரும் சாலையில் இறங்கக் கூடாது.

மழையும் பிரேக்கும்

ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழையே மதுரைக்குத் தருகிறது. மழைமிகுந்த மாதம் அக்டோபர். அந்த மாதத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். காலை வெயிலில் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகத் திரள அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஆகவே அக்டோபர் காலைப் பயணம் பெரும்பாலும் நனையாது. நவம்பர், டிசம்பர் மழை வங்கக்கடல் தாழ்வு மண்டலங்களால் வருவது. நாள் முழுக்கப் பெய்யும், ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிடும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஆரஞ்சும் சிவப்பும் வந்த நாளில் பேருந்தில் போவதே சரி.

மழையில் டயர் வழுக்கும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். தேங்கிய நீர்மேல் டயர் மிதக்கும் வேகத்தை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களுக்காகக் கணக்கிட்டார்கள். அதே கணக்கைச் சாதாரணச் சைக்கிள் டயருக்குப் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டர் வருகிறது. நாம் அந்த வேகத்தின் அருகில்கூடப் போவதில்லை. வழுக்குவது வேறு இடங்களில்: வெள்ளைக் கோட்டுப் பெயிண்ட், இரும்பு மூடி, முதல் மழையில் தூசும் எண்ணெயும் குழம்பிக் கிடக்கும் தார். அங்கே வளைக்காமல் நேராகப் போக வேண்டும்.

அஞ்ச வேண்டியது பிரேக்குக்கு. நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் குரோமியம் பூசிய எஃகு ரிம்மும் ரப்பர்க் கட்டையும்தான். இவை நனைந்தால் உராய்வு காய்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும் என்று மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் கோர்டன் வில்சன் வழிநடத்திய சோதனைகள் 1970களிலேயே காட்டின. வழவழப்பான குரோமியத்துக்கும் ரப்பருக்கும் இடையே நீர் ஒரு படலமாக நின்றுவிடுகிறது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி, கட்டை அந்த நீரை வழித்த பிறகுதான் பிடி கிடைக்கும், அதுவும் திடீரென்று. எனவே மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டபடி வர வேண்டும். பனி பெய்த விடியலில் வெளியே கிடந்த சைக்கிளின் ரிம்மிலும் இதே ஈரம் இருக்கும். கிளம்பும் முன் ஒரு துணியால் துடைப்பது அரை நிமிட வேலை.

பேரையூர், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் இன்னொரு பாடம். அதிலுள்ள களிமண் கனிமத்தின் ஏடுகளுக்கு நடுவே நீர் புகுந்து ஏடுகளை விலக்குவதால் மண் உப்பிப் பசையாகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அது அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. மழைநாளில் வண்டிப்பாதையை விட்டு, தூரம் கூடினாலும் தார்ச்சாலையில் போவது மேல்.

இரண்டு இடங்களில் மட்டும் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. மின்னல் கண்ணில் பட்டு இடி காதில் விழ 30 நொடிக்குள் இருந்தால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே ஒரு காரைக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனிமரத்தடி ஆபத்து. டயர் ரப்பர் என்பதால் காக்கும் என்பதும் பொய். அடுத்தது, கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது தண்ணீர் ஓடும் தரைப்பாலம். முழங்காலுக்கும் கீழே, 15 சென்டிமீட்டர் ஆழமே உள்ள விரைந்த நீரோட்டம்கூட வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். திரும்பிப் போவதுதான் அங்கே ஒரே முடிவு.

புகையும் மூச்சும்

குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும் விடியலில், குப்பை எரித்த புகையும் அடுப்புப் புகையும் மேலே போகாமல் தேங்குகின்றன. மிதிப்பவர் சும்மா இருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். அப்படியானால் நன்மையை நச்சு விழுங்கிவிடாதா? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இதைக் கணக்கிட்டார்கள். கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் நுண்துகள் இருக்கும் மோசமான காற்றிலும், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மிதிப்பதைத் தாண்டினால்தான் தீமை நன்மையை மிஞ்சும். நன்மையோ பெரிது. பிரிட்டனில் 2,60,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. குப்பை எரியும் தெருவைச் சுற்றிப் போங்கள், வெயில் ஏறியபின் கிளம்ப முடிந்தால் கிளம்புங்கள். பயணத்தை நிறுத்த இது காரணமாகாது.

யார் முடிவு செய்வது

ஆர்க்டிக் வட்டத்தை நெருங்கிக் கிடக்கும் பின்லாந்தின் ஓலு நகரில் டிசம்பர்ப் பகல் நான்கு மணி நேரம்கூட இராது. சாலையெல்லாம் பனி உறைந்திருக்கும். அங்கே குளிர்காலத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பயணம் சைக்கிளில் நடக்கிறது. உலகின் முதல் குளிர்காலச் சைக்கிள் மாநாடு 2013-இல் கூடியதும் அங்கேதான். அவர்கள் நம்மைவிடக் குளிரைத் தாங்கும் உடலோடு பிறந்தவர்கள் அல்லர். சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டு, பனியை உடனுக்குடன் அகற்றி, விளக்கு போட்டிருக்கிறார்கள். குளிரைவிடப் பாதையே மக்களின் முடிவைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் சொந்தக் கதை உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் பல்லாயிரம் கிராமப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் தரும் திட்டம் 2001-02-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பின்னர் பீகாரும் மாணவிகளுக்குச் சைக்கிள் தந்தது. அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியதையும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில் பலன் அதிகமாக இருந்ததையும் கண்டார்கள். வண்டியைக் கொடுத்த அரசுக்கு, அந்த வண்டி கார்த்திகை மாலையில் பத்திரமாக வீடு திரும்பும் பாதையைத் தரும் கடமையும் இருக்கிறது. தார் விளிம்பில் ஒரு சாண் பள்ளம் விழாமல் மண் இட்டு நிரவுவது, பள்ளிச் சாலையில் தெருவிளக்கை எரியவைப்பது, இலவச வண்டியோடு ஒரு பின்விளக்கையும் கால்பட்டையையும் சேர்த்துக் கொடுப்பது எல்லாம் பெரிய செலவில்லாத வேலைகள்.

இனி எழுமலைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பருவம் முழுவதற்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள். வானிலை எச்சரிக்கை ஆரஞ்சோ சிவப்போ என்றால் பேருந்து. போகும் வழித் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் பேருந்து. திரும்பும்போது இருட்டிவிடும், வண்டியிலோ விளக்கும் ரேடியமும் இல்லை என்றால் அன்றும் பேருந்து, மறுநாளே அவற்றை வாங்கி மாட்டிவிடுங்கள். இம்மூன்றும் இல்லாத நாட்களே ஐப்பசி முதல் மாசி வரை பெரும்பான்மை. அந்த நாட்களில் நம் சமவெளி சைக்கிள் மிதிக்க ஆண்டிலேயே மிகவும் ஏற்ற இடமாகிறது. சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டிய காலம் ஒன்று உண்டென்றால் அது அக்கினி வெயில் கொளுத்தும் நண்பகல். பனிக்காலத்தை மிதித்துக் கடந்தவரின் உடல் அந்தக் கோடையையும் பழகிய பலத்தோடு எதிர்கொள்ளும்.